தோட்டத்து அறைக்கு ஒரு தனி லைன்

சிவமயம்

அம்பாசமுத்திரம்
9-2-2024

அன்புள்ள ராஜிக்கு,

நாங்கள் இருவரும் நலம், என் காது நீங்கலாக. ஊர் போய்ச் சேர்ந்ததை மதி உன் போனில் பேசி அனுப்பியிருந்தாள். அத்தை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். எனக்கு 'தாத்தா' என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. அதனால்தான் வழக்கம்போல் பேனாவை எடுத்தேன். போனில் நான் 'என்ன, என்ன' என்று கத்துவதையும் நீ பதிலுக்குக் கத்துவதையும் கேட்டால், தெருவில் போகிறவர்கள் மாமனாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று முடிவு கட்டிவிடுவார்கள். காது மிஷின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மாட்டினால் கரண்டி விழுவதுகூட இடி விழுந்த மாதிரி இருக்கிறது. எனக்கு அது வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்துவிட்டுக் கிளம்புகிற அன்று, தோட்டத்தில் நின்று ஒன்று சொன்னாய். "நெட் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தால் இங்கேயே இருந்துவிடுவேன் மாமா" என்று. பேச்சுக்குச் சொன்னாயோ நிஜமாகச் சொன்னாயோ, நான் நிஜம் என்றே எடுத்துக்கொண்டேன். பின்வாசலை ஒட்டி இருக்கும் பழைய மோட்டார் ரூமைக் காலி செய்துவிட்டேன். பக்கத்தில் வைக்கோல் போட்டிருந்த அறையையும் சேர்த்தால் நீயும் மதியும் தாராளமாக இருக்கலாம். ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை, கிழக்கே பெரிய ஜன்னல். கொத்தனார் நாளை வருகிறார். பின்வாசல் நேரே வாய்க்கால் தெருவில் போய் முட்டுகிறது. நீ எங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. நுழைந்தால் எனக்குச் சந்தோஷம்.

உனக்கும் குருவுக்கும் கோர்ட்டில் முடிந்து மூன்று வருஷமாகிறது. அவன் கனடாவில் வேறு கல்யாணமும் செய்துகொண்டான். அதனால் நீ என் மருமகள் இல்லை என்று எந்தக் கோர்ட்டும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது. மதி என் பேத்தி என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நல்ல நெட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று விவரமாக எழுது.

உன் மாமா,
நமச்சிவாயம்


மேடவாக்கம், சென்னை
25-2-2024

அன்புள்ள மாமாவுக்கு,

ராஜி வணக்கத்துடன் எழுதுவது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்குப் பேச்சுக்குத்தான் சொன்னேன். பஸ் ஏறும்போது எல்லோரும் ஏதாவது சொல்வோமே, அந்த மாதிரி. ஆனால் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வேலைக்கு நடுவில் அந்த ஜன்னலே கண்ணில் நிற்கிறது. இங்கே என் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறை.

என் வேலை இதுதான் மாமா. அமெரிக்காவில் உள்ள ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்க வேண்டும். மத்தியானம் உட்கார்ந்தால் ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்க முடியாது. நடுவில் நெட் அறுந்தால் கம்பெனியில் அது பதிவாகும். அடிக்கடி அறுந்தால் 'வீட்டில் இருந்தது போதும், ஆபீசுக்கு வா' என்பார்கள். வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அறுபடக் கூடாது, அவ்வளவுதான். கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு இன்வெர்ட்டரும் வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். இது ஒன்றைத்தான் கேட்கிறேன். லைன் வீட்டு வழியாக வரக் கூடாது. பின்தெருவிலிருந்து தனியாக, என் பெயரில் வர வேண்டும். கோர்ட்டில் அவருடைய வக்கீல் 'எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்' என்று என்னைச் சொன்னார். அது இன்னும் போகவில்லை மாமா. நாளைக்கு யாராவது 'எங்கள் வீட்டு நெட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள்' என்று ஒரு சொல் சொன்னால், அதற்கப்புறம் அங்கே ஒரு நிமிஷம் என்னால் இருக்க முடியாது. உங்கள் தோட்டத்தில் இருப்பேன். அவர் வீட்டில் இருக்க மாட்டேன்.

அத்தைக்கு இதில் சம்மதமா என்று நீங்கள் எழுதவே இல்லை. மதி நெல்லிமரத்தின் மேல் பலகை அடிக்க முடியுமா என்று கேட்கச் சொன்னாள்.

உங்கள் ராஜி


சிவமயம்

அம்பாசமுத்திரம்
17-4-2024

அன்புள்ள ராஜிக்கு,

காது நீங்கலாக நலம். லைன் வந்துவிட்டது! நீ சொன்னபடியே பின்தெருவிலிருந்து, உன் பெயரில்.

கேபிள்காரர் மீரா முகைதீன் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார். "முன்தெருவுல தூண் இருக்கு அண்ணாச்சி. வீட்டுக்குள்ளயே விட்டு பின்னால இழுத்தா அரை நாள் வேல. எதுக்கு வாய்க்கால் தாண்டி, தென்னமரம் தென்னமரமா தொங்க விடச் சொல்லுதிய?" என்று கேட்டார். "இது என் மருமக லைன் வே. வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு ஏணியைச் சாத்தினார். எங்கள் வீட்டுக்குள் இன்றுவரை நெட் என்று ஒன்று கிடையாது. அத்தையின் போனில் வருகிற கொஞ்சம்தான். மோட்டார் ரூமுக்கு மட்டும் ராஜ உபசாரம்.

மத்தியானம் சாப்பிட்டதும் அங்கே போய் உட்கார்ந்து, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு படத்தைப் போட்டுவிடுகிறேன். சத்தம் கேட்காதே, அதனால் அடிதடிப் படமாகப் பார்க்கிறேன். அத்தை நேற்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பட்டப்பகல்ல கத்தியும் கம்புமா என்னத்தப் பாக்கிய?" என்றாள். நெட்டைச் சோதிக்கிறேன் என்றேன். "நல்லா சோதிச்சிய" என்று போய்விட்டாள்.

அவளுடைய சம்மதம் பற்றிக் கேட்டிருந்தாய். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மதி இங்கே வளர்வாள் என்றால் அவளுக்கும் ஆசைதான். லீவு விட்டதும் வந்து பத்து நாள் வேலை பார்த்துப் பார். நெல்லிமரத்தில் பலகை அடித்தாயிற்று.

உன் மாமா,
நமச்சிவாயம்


மேடவாக்கம்
12-6-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வந்து சேர்ந்தோம். மதி தலையில் இன்னும் நெல்லி இலை இருக்கிறது, சீவ விடமாட்டேன் என்கிறாள்.

முதல் வாரம் எப்படி இருந்தது தெரியுமா மாமா? வேலை முடிந்து கதவைத் திறந்தால் தென்னை மட்டை சத்தம், வாய்க்கால் ஈரம். தூக்கம் வராமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவள் நான், மாத்திரைப் பட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அத்தை தினமும் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள். ஒரு நாள் வாசல் வரை வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வராமல் நின்றார்கள். நானும் உள்ளே வாங்க என்று கூப்பிடத் தெரியாமல் நின்றேன். இருந்தாலும் வந்தார்களே.

அதற்குப் பிறகு காற்று ஆரம்பித்தது. மரம் ஆடினால் லைன் ஆடுகிறது, லைன் ஆடினால் என் பிழைப்பு ஆடுகிறது. கடைசி மூன்று நாளும் நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, மீரா முகைதீன் கடையில் கேபிள் சுருளுக்கு நடுவில் உட்கார்ந்து வேலையை முடித்ததை நீங்களும்தானே பார்த்தீர்கள்? அவர் மனைவி ஆபிதா பீவி டீ கொடுத்து, "பைய பைய வேலையப் பாருங்கம்மா, ஒண்ணும் ஓடிப் போவாது" என்று தைரியம் சொன்னார்கள். ஆனால் எனக்கு மேலதிகாரியிடமிருந்து ஓலை வந்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாதாம்.

உங்கள் மேல் குறை சொல்லவில்லை. காற்றுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் இந்த லைனை நம்பி வீட்டைக் காலி செய்துவிட்டு வர எனக்குத் துணிச்சல் இல்லை. மதிக்கு இந்த வருஷப் படிப்பு இங்கேயே இருக்கட்டும்.

உங்கள் ராஜி


சிவமயம்

அம்பாசமுத்திரம்
29-9-2024

அன்புள்ள ராஜிக்கு,

காது நீங்கலாக உடம்பு நலம். மனசு நலம் இல்லை. நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

ஆனி ஆடிக் காற்றில் தொங்கிய லைன் நார் நாராகிவிட்டது. காற்றுக்குப் பயந்தால் மண்ணுக்குள் போவோம் என்று, வாய்க்கால் கரையோடு பள்ளம் தோண்டி, குழாய்க்குள் கேபிளை விட்டுப் புதைத்தோம். அருமையாக ஓடியது. ஆடாமல் அசையாமல் ஒரு மாதம். உனக்கு எழுதுவதற்குக் காகிதத்தை எடுத்து வைத்தேன்.

அன்று காலையில் வாய்க்கால் தூர்வார ஜேசிபி வந்தது. பிசானப் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் கரையை வெட்டிச் சரி செய்ய வேண்டும் என்று, அலைந்து மனுப் போட்டு அந்த வண்டியை வரவழைத்ததே நான்தான். வண்டி வந்த சந்தோஷத்தில் டிரைவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு நிற்கிறேன், ஒரே வாரலில் உன் லைன் கரை மண்ணோடு லாரியில் ஏறிவிட்டது. மீரா முகைதீன் வந்து பார்த்து, "இளநியும் குடுத்து வெட்டச் சொன்னியளா அண்ணாச்சி?" என்று கேட்டார். 

இன்னொரு வழி இருக்கிறது என்கிறார். நம் தோட்டத்துக்கு அடுத்த வளவு, வீடும் மனையுமாக, சங்கரி டீச்சருடையது. அவர்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டி இரும்புத் தூண் நட்டு இழுத்தால் காற்றும் தொடாது, ஜேசிபியும் தொடாது. நாலு தூண் போதுமாம். ஆனால் அதற்கு அந்த வீட்டில் போய் அனுமதி கேட்க வேண்டும். சண்டை ஒன்றும் கிடையாது, பார்த்தால் சிரிப்போம். இருந்தாலும் நம் வீட்டிலிருந்து யாரும் எதற்கும் பக்கத்து வீட்டுப் படியேறிக் கேட்டது இல்லை. ஒரு காலத்தில் அந்த வளவே நம்முடையது. இப்போது அங்கே போய் ஒரு கம்பிக்கு இடம் கேட்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேறு ஏதாவது வழி பார்க்கிறேன். நம்பிக்கையை விட்டுவிடாதே.

உன் மாமா,
நமச்சிவாயம்


மேடவாக்கம்
13-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

சிரித்தேன். மதிக்கு வாசித்துக் காட்டினேன், அவள் இளநீர் கொடுத்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவள் தூங்கிய பிறகு அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள், அன்றைக்கு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அழுதிருப்பேன்.

இங்கே எனக்கு முடியவில்லை மாமா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மதி ஹாலில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன், ஆனால் ஹெட்போனைக் கழற்ற முடியாது. அவள் கதவுக்கு அடியில் சீட்டு எழுதித் தள்ளுகிறாள். 'பசிக்குது' என்று ஒரு சீட்டு. அங்கே இருந்தால் அவளுக்குத் தாத்தா இருப்பார், ஆச்சி இருப்பார்கள், மரம் இருக்கும்.

கம்பெனியில் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறார்கள். நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்க விரும்புகிறவர்கள் பிப்ரவரிக்குள் பெயர் கொடுக்கலாம். அதற்குள் லைன் நிலையாகிவிட்டால் பெயர் கொடுத்துவிட்டு, மதியின் பரீட்சை முடிந்ததும் வந்துவிடுவேன். இந்தத் தடவை பேச்சுக்குச் சொல்லவில்லை.

சங்கரி டீச்சரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் என்ன மாமா? எனக்காக. தனியாக வர வேண்டும் என்று நான் சொன்னதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் ராஜி


சிவமயம்

அம்பாசமுத்திரம்
19-1-2025

அன்புள்ள ராஜிக்கு,

காது நீங்கலாக எல்லாம் நலம். இந்தக் கடிதத்தை மோட்டார் ரூமில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மார்கழி முழுக்க ஒரு தடவைகூட லைன் அறுபடவில்லை. மழை பெய்தது, மின்னல் வெட்டியது, கரண்ட் போனது, இன்வெர்ட்டரில் ஓடியது. நீ பெயர் கொடுத்துவிடலாம்.

எப்படி என்று கேட்பாய். நீ கோபப்படக் கூடாது. லைனை முன்தெருத் தூணிலிருந்து வீட்டு வழியாகக் கொண்டுவந்துவிட்டேன். ஹாலில் ஒரு பெட்டி, அங்கிருந்து அடுக்களைச் சுவரில் துளை போட்டு, தோட்டத்துப் பாதைக் கல்லுக்கு அடியில் குழாய் வைத்து இங்கே வருகிறது. நீ தனியாக வேண்டும் என்று சொன்னதை மறக்கவில்லை. ஆனால் பிப்ரவரி நெருங்கிவிட்டது, சங்கரி டீச்சர் வீட்டு வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். எப்படி வந்தால் என்ன, அறுபடாமல் வந்தால் சரி என்று நினைத்தேன். பெயர் உன்னுடையதுதான், அதை மாற்றவில்லை.

அத்தைக்கு இப்போது ஒரே குதூகலம். ஹாலிலேயே நெட் இருக்கிறதல்லவா, குருவைத் தினமும் படத்தில் பார்த்துப் பேசுகிறாள். முன்பெல்லாம் அவன் முகம் பாதியிலேயே உறைந்துபோய் நிற்கும், இப்போது எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. நேற்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டமெல்லாம் நடந்து காட்டினாள், இந்த அறையையும் காட்டினாள். அவனும் நன்றாக இருக்கிறது என்று சொன்னானாம்.

மேஜைக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். உன் உயரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுது.

உன் மாமா,
நமச்சிவாயம்


மேடவாக்கம்
2-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டு வழியாகவா மாமா? படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டது ஒன்றே ஒன்று.

இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த ஒரு வருஷமாக நீங்கள் மரம் ஏறாத குறையாக அலைந்தது தெரியும். நானும் வீம்பு பிடித்துக்கொண்டே இருந்தால் எப்படி? சுவரில் ஒரு துளை, அதற்குப் போய் என் மகளின் மரத்தையும் தாத்தாவையும் விட்டுவிட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் ஏப்ரலோடு காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மே முதல் வாரம் வருகிறோம். மதி தன் புத்தகங்களை இப்போதே அட்டைப்பெட்டியில் கட்டிவிட்டாள், தினமும் ஒன்றை உருவி எடுத்துப் படித்துவிட்டு மறுபடி கட்டுகிறாள். மேஜை சாதாரண உயரம் போதும். ஜன்னலைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்குப் பயமில்லாமல் இருக்கிறது மாமா.

உங்கள் ராஜி


சிவமயம்

அம்பாசமுத்திரம்
30-3-2025

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

குரு வருகிறான். அவனுடைய கம்பெனியில் இந்தியாவிலிருந்து வேலை பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார்களாம். அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள். இருவரும் ஏப்ரல் கடைசியில் வருகிறார்கள். எத்தனை மாதம் என்று சொல்லவில்லை.

போன மாதம் ஒரு நாள் அத்தை போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் கேட்டான்: "அப்பா, அந்தத் தோட்டத்து ரூம்ல நான் ஒக்காந்து வேல பாக்கலாம்லா? நெட் அருமையா இருக்குன்னு அம்மா சொல்லுதா." எனக்கு அது கேட்டது, ராஜி. உன் பெயரில் உள்ள லைன்தானே, ஒரு சொல் விடாமல் தெளிவாகக் கேட்டது. இல்லை, அது ராஜிக்கும் மதிக்கும் கொடுத்தாயிற்று என்று சொல்ல வேண்டும். வாயில் வந்துவிட்டது. ஆனால் நான் காது கேட்காதவன் போல் சும்மா இருந்துவிட்டேன். "அப்பாக்குக் காது கேக்கலடா. அவுக என்ன வேண்டாம்னா சொல்லப் போறாக?" என்று அத்தையே பதில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அவளிடம் பேசிப் பார்த்தேன். "ராஜி பாவந்தான், இல்லங்கல. ஆனா பெத்த புள்ள வாரேங்கான். அவன எங்கன ஒக்கார வைப்பிய? ஒரே வளவுக்குள்ள ரெண்டு பேரையும் வச்சா ஊரு சிரிக்காதா?" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மேஜை வந்து ஜன்னலைப் பார்த்துக் கிடக்கிறது.

நீ வரவேண்டாம் என்று நான் எழுதவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன். மீரா முகைதீன் அங்கே உன் பெயரில் தனி லைன் கொடுத்துவிடுவார். அது அறுபடாது. நான் தினமும் வந்து மதியைப் பார்த்துக்கொள்வேன். யோசித்து எழுது அம்மா.

உன் மாமா,
நமச்சிவாயம்


மேடவாக்கம்
8-4-2025

மாமாவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் மாமாவென்றே எழுதுகிறேன்.

இரண்டு தெரு தள்ளி வந்து நான் என்ன செய்வேன்? அவரும் அவர் மனைவியும் கடைக்குப் போகிற வழியில், மதியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவா? அந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உங்களை நம்பித்தானே கிளம்பினேன்.

அவர் வருவதில் எனக்கு வருத்தமில்லை. அவர் உங்கள் மகன். அத்தை மேலும் கோபமில்லை. அவர்கள் எந்தப் பக்கம் என்பதை எப்போதும் மறைத்ததில்லை. நீங்கள் காது கேட்காதவர் போல் இருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் அவர் அறைக்குள் என்னைத் திட்டும்போதெல்லாம் நீங்கள் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். மாமாவுக்குக் காது கேட்காது, கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பார் என்று நினைத்து நினைத்துத்தான் அந்த வருஷங்களை ஓட்டினேன். உங்களை இன்றுவரை மாமா என்று கூப்பிட்டதும் அதனால்தான். இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த வீட்டை வேறு ஒருவருக்குப் பேசிவிட்டார்கள். பள்ளிக்கரணையில் ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது. கம்பெனியில் கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், இனி ஆபீசுக்குத்தான் போவேன். டி.சி.யும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த லைன் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. என் பெயரில் உள்ள லைனில் அவர் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டாம். பெயர் மாற்றுவதற்குக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

மதியிடம் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லைன் சரியாகவில்லை என்று மட்டும் சொன்னேன். "தாத்தா இன்னொரு தடவை பார்ப்பாங்க" என்கிறாள்.

ராஜராஜேஸ்வரி


சிவமயம்

அம்பாசமுத்திரம்
14-12-2025

அன்புள்ள ராஜிக்கு,

காது உட்பட நலம்.

ஆடியில் ஒன்றும் ஐப்பசியில் ஒன்றுமாக இரண்டு கடிதம் போட்டேன். நீ அனுப்பிய தாளில் இருந்த பள்ளிக்கரணை விலாசம் சரிதானா என்று தெரியவில்லை. திரும்பியும் வரவில்லை, அதனால் உன் கைக்குக் கிடைத்திருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

குருவும் அந்தப் பெண்ணும் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனார்கள். பெண் குழந்தை. இனி அங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு இந்த ஊர் வெயிலும் கொசுவும் ஒத்துவரவில்லை. நெட்டைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. அத்தை ஹாலில் போனை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையைப் பார்க்கிறாள். நடு நடுவே, "மதி இப்ப எவ்வளவு வளந்திருப்பா?" என்று என்னிடம் கேட்கிறாள். போன வருஷ உயரத்தைக் கையால் காட்டுகிறேன்.

நீ கையெழுத்திட்டு அனுப்பிய தாளை அப்போதே மீரா முகைதீனிடம் கொடுத்து, வீட்டு லைனை என் பெயருக்கு மாற்றிவிட்டேன்.

போன மாதம் சங்கரி டீச்சர் வீட்டுப் படியேறினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர்கள், "இதுக்கா இம்புட்டு நாளா வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்புனிய? ஏதோ கோயிலுக்கு நன்கொடை கேக்க வாரியன்னுலா நெனச்சேன்! அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே நட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றார்கள். காப்பியும் கொடுத்தார்கள். குடித்தேன். 

நாலு தூண் நட்டாயிற்று. பின்தெருவிலிருந்து அவர்கள் சுவரோரமாகத் தனி லைன் தோட்டத்து அறைக்கு வருகிறது. வீட்டு வழியாகப் போன குழாயைப் பிடுங்கிவிட்டு, அடுக்களைச் சுவரிலிருந்த துளையைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டேன். நீ முதல் கடிதத்தில் கேட்டபடி இருக்கிறது. பெயர்தான் தற்போதைக்கு என்னுடையது. உன் பெயருக்கு மாற்ற உன் கையெழுத்து வேண்டும், அதை நான் கேட்கவில்லை. வடகிழக்கு மழையில் ஒரு தடவையும் அறுபடவில்லை. மதியிடம், தாத்தா இன்னொரு தடவை பார்த்தார் என்று மட்டும் சொல்லிவிடு.

ஹாலில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதினாலும் அது பதிலாக இருக்காது.

பீரோவிலிருந்து மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டேன். முதலில் தலைவலி வந்தது, இப்போது பழகிவிட்டது. கரண்டி சத்தம் கேட்கிறது, வாய்க்கால் சத்தம் கேட்கிறது, அத்தை அடுக்களையில் தனக்குத்தானே பேசுவதும் கேட்கிறது. ராத்திரி, உன் வேலை முடிகிற நேரத்துக்குத் தோட்டத்து அறைக்குப் போய் விளக்கைப் போட்டுவிட்டு, உன் மேஜையில் போனை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறேன். நீ கூப்பிட வேண்டும் என்று எழுதவில்லை, ராஜி. கூப்பிட்டால் எனக்குக் கேட்கும், அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன் மாமா,
நமச்சிவாயம்